இன்சுலின் பம்ப்: கனுலா குத்தும் இடத்தை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இன்சுலின் பம்ப், அதாவது உடம்பில் மாட்டி இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் சிறு கருவி, பாவிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அநேகமாக கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பியதாக இருக்கும். பெட்டி வந்து சேர்ந்துவிடும், அதைப் பாவிக்கப் பழக்கும் தாதி கூட வரமாட்டார். அதனால் கிளினிக் வாங்கிலும் தொலைபேசியிலும் ஒரே சந்தேகங்களையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை, முதலாம் வகை நீரிழிவோடு வாழ்கிறவள். இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

பம்ப் எண்டா ஊசி குத்துறேல்லைத்தானே, பிறகேன் இடம் மாத்தச் சொல்லுறீங்கள்?

குத்துகிறோம், தடவைகள்தான் குறைவு. பம்பிலிருந்து வரும் மெல்லிய ரியூபின் முனையில் கனுலா என்ற சிறு குழாய் இருக்கிறது. அது தோலுக்குக் கீழே உள்ள கொழுப்புப் படையில் இரண்டு மூன்று நாள் கிடக்கும். ஊசியில் போடும் இன்சுலின் ஒரு தரத்தோடு முடிந்துவிடும். பம்பில் அது இரவு பகலாக அதே புள்ளியில் இறங்கிக்கொண்டிருக்கும்.

இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து இறங்கினால், குத்திய சிறு காயங்களும் சேர்ந்து, அங்கே கொழுப்புத் தடித்துக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒருநாள் மெதுவாக இறங்கும், இன்னொரு நாள் சட்டென்று இறங்கும். அதே அளவு புட்டு, அதே அளவு இன்சுலின், ஆனால் இரத்தத்தில் சீனி நேற்று 140, இன்றைக்கு 290. களவாக இனிப்புத் தின்றாய் என்று ஏச்சு வாங்கிய பிள்ளைகள் சிலரின் வயிற்றைத் தடவிப் பார்த்தால் காரணம் அங்கே தடித்துக் கிடக்கும்.

கட்டி இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பாத்தா ஒண்டும் தெரியேல்லை.

பார்ப்பதை விடத் தடவுவதே நல்லது. குளிக்கும்போது சவர்க்காரம் பூசிய விரல்களால் வயிற்றையும் தொடையையும் மெதுவாக அழுத்தித் தடவிக்கொண்டு போங்கள். மெத்தென்று இருந்த தோல் ஓரிடத்தில் றப்பர் போலத் தடித்திருந்தால் அதுதான். சில கட்டிகள் வெளியே புடைத்துத் தெரியும், சில கைக்கு மட்டுமே தெரியும். நின்றபடி ஒருக்காலும் படுத்தபடி ஒருக்காலும் பாருங்கள். மாதம் ஒரு தடவை போதும்.

இன்னொரு அறிகுறி, குத்தினால் நோகாமல் இருப்பது. தடித்த இடத்தில் உணர்வு குறைந்துவிடும். "இது எனக்குச் சரியான இடம், நோகவே நோகாது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்க்கச் சொல்வேன்.

எத்தினை நாளைக்கு ஒருக்கா மாத்த வேணும்?

மென்மையான பிளாஸ்டிக் கனுலா என்றால் 2 முதல் 3 நாள். உருக்கு ஊசி வகை என்றால் 2 நாளுக்கு மேல் வேண்டாம். கனுலாவும் ரியூபும் சேர்ந்ததைச் செட் என்போம். 7 நாள் வரை வைத்திருக்கக்கூடிய நீண்டகால செட் வகையும் இருக்கிறது, ஆனால் அது அதற்கென்றே செய்தது. பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஒம்னிபொட் போன்ற ரியூப் இல்லாத வகையை 3 நாளில் முழுதாகக் கழற்றிவிட்டுப் புதியது ஒட்ட வேண்டும்.

எந்தெந்த இடத்தில குத்தலாம்?

வயிறு, இடுப்பின் இரு பக்கம், பிட்டத்தின் மேல் வெளிப்பகுதி, தொடையின் முன்புறமும் வெளிப்புறமும், மேற்கையின் பின்புறம். வயிற்றில் தொப்புளைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் விட்டுவிடுங்கள். தழும்பு, மச்சம், காயம், ஏற்கெனவே உள்ள கட்டி இவற்றையும் தவிர்க்க வேண்டும். எங்கள் உடுப்புகளையும் யோசியுங்கள்: சாரக்கட்டு, பெல்ட், பாவாடை நாடா இறுகும் கோட்டில் கனுலா இருந்தால் நாள் முழுக்க உரசும், மடங்கும், கழன்றும் விடும்.

வயிற்றில் இன்சுலின் கெதியாக இறங்கும், தொடையிலும் பிட்டத்திலும் சற்று மெதுவாக. இப்போது பம்பில் பாவிக்கும் விரைவு இன்சுலின்களில் அந்த வித்தியாசம் பழைய இன்சுலினில் இருந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் சிலருக்குத் தெரியும். இன்னொன்று, உழைக்கும் தசைக்கு மேல் உள்ள இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். மானிப்பாயிலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிள் உழக்கும் ஆள் தொடையில் கனுலா வைத்திருந்தால் வழியில் சீனி இறங்கப் பார்க்கும்.

இடத்தை எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறது? எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகமில்லை.

ஞாபகத்தை நம்பாமல் ஒரு ஒழுங்கை நம்புங்கள். தொப்புளை நடுவாக வைத்து வயிற்றை நாலு துண்டாகப் பிரித்து, மணிக்கூட்டு முள் போகும் திசையில் ஒவ்வொரு துண்டாகப் போவது ஒரு முறை. ஒரு கிழமை இடப்பக்கம், அடுத்த கிழமை வலப்பக்கம் என்பது இன்னொன்று. எதுவானாலும் புதிய இடம் பழைய இடத்திலிருந்து குறைந்தது 2.5 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்து வைத்தால் அந்த அளவு வந்துவிடும். உடம்பில் குளுக்கோஸ் சென்சரும் இருந்தால் அதிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும்.

கலண்டரில் "வ. வயிறு மேல்", "இ. தொடை" என்று இரண்டு சொல் எழுதி வையுங்கள். நாளுக்கு ஒரு தாள் கிழிக்கும் கலண்டர் சரிவராது, தாளோடு குறிப்பும் போய்விடும். மாதக் கலண்டர் நல்லது. போனில் படம் எடுத்து வைப்பவர்களும் உண்டு.

எங்களிட்டப் பம்ப் இல்லை, கிளினிக்கில தாற ஊசிதான். இது எங்களுக்கும் பொருந்துமோ?

இன்னும் கூடவே பொருந்தும், நாளுக்கு இரண்டு மூன்று தரம் குத்துகிறீர்கள். இடங்கள் மேலே சொன்னவைதான். ஒரு குத்துக்கும் அடுத்ததுக்கும் 1 சென்ரிமீற்றர், அதாவது ஒரு விரல் அகலம் விட்டால் போதும்.

2013இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு ஒன்றில் இன்சுலின் ஊசி போடும் 430 பேரைப் பரிசோதித்தார்கள். 64 வீதமானோருக்குக் கட்டி இருந்தது. இடத்தைச் சரியாக மாற்றிப் போட்டவர்களில் அது 5 வீதம் மட்டுமே. கட்டி உள்ளவர்களில் பத்தில் நாலு பேருக்குக் காரணம் தெரியாமல் சீனி விழுந்திருக்கிறது. ஒரே ஊசியைப் பல நாள் பாவிப்பதும் கட்டிக்கு ஒரு காரணம். முனை மழுங்கினால் காயம் பெரிதாகும்.

செட் மாத்த நல்ல நேரம் எது? நான் இரவு வேலையெல்லாம் முடிஞ்சு படுக்கப் போகேக்கதான் மாத்துறனான்.

அதை மட்டும் விட்டுவிடுங்கள். புதிய கனுலா மடங்கிப் போயிருந்தால் அது தெரிய வர இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும். இரவில் மாற்றினால் அந்த நேரம் நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன்னர் மாற்றினால், சாப்பாட்டுக்குப் போடும் இன்சுலின் புதிய கனுலாவுக்குள்ளால் ஓடும், இரண்டு மணித்தியாலத்தில் சீனி பார்த்தால் வேலை செய்கிறதா என்றும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் காலையில் அவசரம். பின்னேரம் வீடு வந்ததும் மாற்றலாம்.

மாத்தின பிறகு சீனி ஏறிக்கொண்டே போகுது. கனடாப் பம்பில 15 எண்டு காட்டுது, அது கூடவோ?

கூடத்தான். கனடா, லண்டன் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டும். நம்முடைய மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்குங்கள்: 15 என்றால் 270. காரணம் தெரியாமல் 250க்கு மேல், அதாவது அவர்கள் கணக்கில் 14க்கு மேல் போனால் முதலில் கனுலாவைச் சந்தேகியுங்கள்.

ரியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, இணைப்பு இறுக்கமா, ரியூபுக்குள் காற்றுக்குமிழ் இருக்கிறதா, பிளாஸ்ரர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். மணந்தும் பாருங்கள். இன்சுலினில் கிருமிநாசினி சேர்த்திருப்பதால் ஆசுபத்திரி வாசம் போல ஒரு மணம் உண்டு. அந்த மணம் வந்தால் எங்கோ கசிகிறது. எல்லாம் சரி என்று தோன்றினால் பம்பாலேயே ஒருமுறை திருத்த அளவு (ஏறிய சீனியை இறக்கப் போடும் இன்சுலின்) போடலாம். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் இறங்கத் தொடங்கவில்லை, அல்லது சிறுநீரில் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்) இருக்கிறது என்றால் பம்பை நம்ப வேண்டாம். டொக்டர் சொல்லித்தந்த திருத்த அளவைச் சிரிஞ்சாலோ இன்சுலின் பேனாவாலோ போட்டுவிட்டு, வேறு இடத்தில் புதிய செட் குத்துங்கள். கழற்றிய கனுலா மடங்கியிருந்ததா என்றும் பாருங்கள். அடுத்த முறை எந்த இடத்தைத் தவிர்ப்பது என்று அது சொல்லும்.

இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பம்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும். நாள் முழுக்க வேலை செய்யும் நீண்ட இன்சுலின் உடம்பில் இல்லை. ஓட்டம் நின்று நாலைந்து மணித்தியாலத்திலேயே கீற்றோன் ஏறத் தொடங்கலாம். சத்தி, வயிற்றுநோ, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே ஆசுபத்திரி.

கிளினிக்கில தாற கலங்கல் இன்சுலினைப் பம்புக்க விடலாமோ?

இடத்தைப் பற்றிய கேள்வி இல்லை, ஆனால் கேட்கிறார்கள். கூடவே கூடாது. 30/70 கலவையும் மற்றக் கலங்கல் இன்சுலினும் ஊசிக்கு மட்டும்.

வெளியில இருந்து வாற செட், விலையும் கூட. நாலைஞ்சு நாள் வைச்சிருந்தா என்ன? கழுவித் திருப்பிக் குத்தினா என்ன?

இந்தக் கேள்விக்கு "கூடாது" என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் கணக்கு எனக்கும் தெரியும். 3 நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 10, வருடத்துக்கு ஏறக்குறைய 122 செட். ஆனால் கழுவித் திருப்பிக் குத்துவதற்குப் பதில் ஒரு சொல்தான்: வேண்டாம். கழற்றிய கனுலா கிருமி இல்லாதது அல்ல, முனையும் வளைந்திருக்கும்.

நாட்களை இழுப்பதில் நடப்பது இது. மூன்றாம் நாளுக்குப் பிறகு அந்த இடம் உள்ளே அழலத் தொடங்கும், இன்சுலின் சரியாக இறங்காது, சீனி ஏறும். அதைத் திருத்த நீங்கள் இன்னும் இன்சுலின் போடுவீர்கள். செட்டில் மிச்சம் பிடித்தது இன்சுலினிலும் கட்டியிலும் போய்விடும். செட் முடியப் போகிறது என்று தெரிந்தால், முடிவதற்கு முன்னரே டொக்டரிடம் போய் ஊசிக்குத் திரும்பும் அளவை எழுதி வாங்குங்கள். அடுத்த பெட்டி வரும்வரை ஊசியில் இருப்பது தோல்வி இல்லை. நாலைந்து நாள் கிடந்த கனுலாவை விட ஒழுங்காகப் போட்ட ஊசி எவ்வளவோ மேல். அனுப்புகிறவர்களிடமும் "பம்புக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் முதலில் செட்டைச் சொல்லுங்கள்.

வேர்வையில பிளாஸ்ரர் நிக்குதில்லை. சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகிறனான், என்ன செய்யிறது?

சித்திரை, வைகாசி வெயிலில் எல்லாருக்கும் உள்ள பிரச்சினை. குத்தும் இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். ஊதிக் காயவைக்க வேண்டாம், வாயில் உள்ள கிருமி போகும். மயிர் அதிகமென்றால் முதல்நாளே வெட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு ஓரங்களில் மைக்ரோபோர் பிளாஸ்ரர் சுற்றி ஒட்டலாம். கனுலா இருக்கும் நடுப்பகுதியை மூட வேண்டாம், அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எண்ணெய் முழுக்கை விடச் சொல்லமாட்டேன், நானும் விடவில்லை. செட் மாற்றும் நாளை முழுக்கு நாளோடு பொருத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் வைத்து ஊறும் நேரம் பழைய செட் அப்படியே ஓடட்டும், முழுகப் போகும்போது அதைக் கழற்றுங்கள். எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்து, தலை துவட்டிய கையோடு புதியதைக் குத்துங்கள். பம்ப் இல்லாத நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. கீரிமலையிலோ காரைநகர் கசூரினாக் கடற்கரையிலோ குளிக்கப் போனாலும் அதே ஒரு மணித்தியாலம்தான். கழற்றிய பம்பை வெயிலில் துவாய்க்கு மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள், 37 பாகைக்கு மேல் சூடானால் உள்ளே இருக்கும் இன்சுலின் பழுதாகும்.

என்ர பிள்ளை சரியான மெலிவு. வயித்தில பிடிக்கச் சதையே இல்லை.

மெலிந்த பிள்ளைக்கும் பிட்டத்தில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். பிள்ளை குத்துவதைப் பார்க்காமல் இருப்பதும் வசதி. நேராக இறங்கும் 9 மில்லிமீற்றர் கனுலாவுக்குப் பதில் 6 மில்லிமீற்றரோ, சரிவாக இறங்கும் வகையோ மெலிந்த உடம்புக்கு நல்லது. கனுலா தசையில் போய் முட்டினால் நோகும், மடங்கும், இன்சுலினும் தாறுமாறாக இறங்கும். "வழமையை விட நோகுது" என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று நினைக்காமல் மாற்றிவிடுங்கள். பள்ளிக்கூடப் பையில் ஒரு செட், ஒரு சிரிஞ்ச், குளுக்கோஸ், வகுப்பு ரீச்சருக்கு நாலு வரிக் கடிதம் இருக்கட்டும்.

அண்ணை நல்லூரில பிரதட்டை செய்யப் போறார். கனுலாவை எங்க வைக்கிறது?

உருளும்போது மண் படாத இடம் உடம்பில் இல்லை. அதனால் பம்பை இணைப்பில் கழற்றி, கனுலாப் பக்கத்துக்கு அதற்குரிய மூடியைப் போட்டு, மேலால் அகலமான பிளாஸ்ரர் ஒட்டிவிட்டு உருளட்டும். பம்ப் கூட வருகிறவர் கையில் இருக்கட்டும். திருவிழாக் காலத்தில் வீதியில் சனம் கூட, நினைத்ததை விட நேரம் எடுக்கும், ஒரு மணித்தியாலத்தை மறக்க வேண்டாம். வெறும் வயிற்றோடு உருண்டால் சீனி விழவும் வாய்ப்பு உண்டு, தொடங்க முன்னர் ஒருக்காப் பார்க்க வேண்டும். முடிந்ததும் குளித்துவிட்டுப் புதிய இடத்தில் புதிய செட். பிளாஸ்ரருக்குள் மண் போன கனுலாவை வைத்திருக்க வேண்டாம்.

அடிக்கு அடி குனிந்து கும்பிட்டு அடியழிக்கும் பெண்களுக்குப் பம்பைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் குனியும்போது வயிற்று மடிப்பில் இருக்கும் கனுலா மடங்கிவிடும். அந்த நாளுக்கு இடுப்பின் பக்கமோ மேற்கையோ நல்லது.

நீங்கள் சொன்னபடி கட்டியை விட்டிட்டு வேற இடத்தில குத்தினன். சீனி விழுந்து மயங்கப் பாத்தன். பழைய இடம்தானே நல்லது?

இல்லை, இது புதிய இடம் நன்றாக வேலை செய்வதன் அடையாளம். கட்டிக்குள் போட்ட இன்சுலின் முழுதாக வேலை செய்யாததால் உங்கள் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும். அதே அளவை நல்ல தோலில் போட்டால் எல்லாம் ஒரேயடியாக வேலை செய்யும். அதனால் கட்டியை விட்டு மாறப் போகிறீர்கள் என்றால் முதலே டொக்டரிடம் சொல்லுங்கள். 20 வீதம் அளவிலும் சிலருக்கு அதற்கு மேலும் குறைக்க வேண்டி வரும். எவ்வளவு என்பதை உங்கள் அளவுகளைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். முதல் கிழமை சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கப் போகும்போதும் சீனி பாருங்கள், இடையில் ஒருநாள் இரவு எழும்பியும் பாருங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று நாலு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள்.

பிளாஸ்ரரைச் சுத்திச் சிவந்து கடிக்குது. கிருமியோ?

சிவப்பு பிளாஸ்ரரின் வடிவத்திலேயே இருந்து, கடி மட்டும் என்றால் பசைக்கு ஒத்துக்கொள்ளாமை. வேறு வகைப் பிளாஸ்ரர் முயலலாம். கனுலா இறங்கிய புள்ளியைச் சுற்றிச் சிவந்து, சூடாக, நோவோடு தடித்திருந்தால் அல்லது சீழ் வந்தால் அது கிருமி. உடனே கழற்றிவிட்டு, அங்கிருந்து நன்றாக விலகிக் குத்துங்கள். பிதுக்க வேண்டாம். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே டொக்டர்.

கனகாலமாப் பம்பில இருக்கிறன். இனிக் குத்த இடமே இல்லை.

இப்படிச் சொல்கிறவர்களிடம் எங்கெங்கே குத்தினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் வயிற்றை மட்டுமே காட்டுவார்கள். பிட்டமும் மேற்கையும் தொடாமலே இருக்கும். மேற்கையின் பின்புறத்துக்கு இன்னொருவர் கை வேண்டும், அதுதான் தடங்கல். வீட்டில் ஒருவரைப் பழக்கிவிடுங்கள்.

கட்டியான இடங்களுக்கு முழு ஓய்வு கொடுங்கள். மெலிய மாதக்கணக்கில் எடுக்கும், சில பழைய கட்டிகள் முழுதாகப் போகாமலும் விடும். "கொஞ்சம் மெலிஞ்சிட்டுது" என்று இடையில் ஒருக்காக் குத்திப் பார்க்கும் ஆசை வரும், நோகாதே என்ற நினைப்பில். வேண்டாம். டொக்டர் சம்மதித்தால் சில கிழமைகள் ஊசிக்குத் திரும்பி, வயிறு முழுவதையும் விட்டுவைக்கலாம். அடுத்த கிளினிக்குக்கு இலகுவாக உயர்த்தக்கூடிய சட்டை போட்டுக்கொண்டு போய், "இந்த இடங்களைத் தொட்டுப் பாருங்கோ" என்று நீங்களாகக் கேளுங்கள். வரிசை நீண்ட நாட்களில் கொப்பியைப் பார்த்து மருந்து எழுதுவதோடு முடிந்துவிடும், நீங்கள் கேட்டால்தான் கை வைத்துப் பார்ப்பார்கள்.